இரட்டைப்படை வாரம்

ஜூலை 2, செவ்வாய்

காலையிலிருந்து இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி இன்று வண்டி நிறுத்திய விதம்.

மருத்துவமனைத் தெரு ஒருவழிப் பாதை. புதுச்சேரியின் பழைய தெருக்களைப் போல நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். அகலம்தான் போதாது. அதனால் ஒற்றைப்படைத் தேதியில் இடப்பக்கம், இரட்டைப்படைத் தேதியில் வலப்பக்கம் என்று வண்டி நிறுத்துவதற்கு ஒரு விதி. மருத்துவமனை இருப்பது இடப்பக்கம். இன்று இரண்டாம் தேதி என்பதால் எதிர்ச்சாரியில் நிறுத்த வேண்டும்.

ஒரு வேனுக்கும் ஒரு நீளமான காருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதை இடம் என்று நான் நினைக்கவே இல்லை. அண்ணி அதைத் தாண்டிப் போய், வேனுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினாள். பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்தது. இளநீர்க்காரர் அய்யனார் அரிவாளை வண்டியில் செருகிவிட்டு ஓடிவந்து எங்கள் காரின் பின்பக்கத்தைத் தட்ட ஆரம்பித்தார்.

"வா வா வா… வரட்டும்… ஒடி, ஒடி, புல்லா ஒடி…"

அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவசரமாக அல்ல. கச்சேரிக்கு நடுவில் கதவைச் சாத்துகிறவர்களைப் போல. ஒரு கை ஸ்டியரிங்கில். பார்வை வலப்பக்கக் கண்ணாடியில். காரின் பின்பகுதி தயக்கமில்லாமல் உள்ளே சரிந்தது. ஒரு கணம் குறுக்காக நின்றோம், தெருவையே அடைத்துக்கொண்டு. அந்தக் கணத்தில்தான் எல்லோரும் பதறுவார்கள். அண்ணி அந்தக் கணத்தில்தான் மிக நிதானமாக இருக்கிறாள் என்று இன்று கவனித்தேன். பிறகு ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்ப, முன்பகுதியும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. ஒரே தடவை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இறங்கியதும் குனிந்து டயருக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் ஒரு பார்வை. அவ்வளவுதான். சிரிப்பு கூடக் கிடையாது.

"பாத்தியா, நான் சொன்ன மாதிரியே ஒடிச்ச. எப்படி நின்னுச்சி பாரு" என்றார் அய்யனார்.

"ஆமாண்ணா, எல்லாம் உங்க புண்ணியம்."

பின்சீட்டில் அப்பா மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். "வினோ, நீ வண்டிய நிறுத்தறப்ப எனக்கு பிரஷர் ஏறவே மாட்டேங்குதும்மா. கதிர் நிறுத்தனான்னா அதுக்குன்னே தனியா ஒரு நாள் அட்மிட் ஆவணும்."

ஜூலை 4, வியாழன்

டயாலிசிஸ் பிரிவில் புதிதாக ஒரு நர்ஸ். அப்பாவின் கையில் ஊசி ஏற்றும்போது அண்ணியைக் காட்டி, "இவங்க உங்க பொண்ணுங்களா?" என்றாள். அப்பா "ஆமா" என்றார். என்னைக் காட்டி, "இவங்க?" என்றாள். "இவ என்னைப் பாத்துக்கறதுக்கு வந்தவ" என்றார் அப்பா. மூவரும் சிரித்தோம். நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதிரவன் என் அண்ணன். அவனுக்கும் வினோதாவுக்கும் போன வருடம் விவாகரத்து ஆகிவிட்டது. அவன் புனேயில் இருக்கிறான். அவள் இலாசுப்பேட்டையில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு, மருந்துக் கம்பெனியில் மதிய ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்ட வாரத்தில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து, "கார் சாவி எங்க இருக்கு தமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி அவள் வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இருக்கவில்லை.

இனி எப்படிக் கூப்பிடுவது என்று அப்போது யோசித்தேன். எத்தனையோ நாவல்களில் உறவுகள் முறிவதைப் படித்திருக்கிறேன். முறிந்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருவரும் எழுதவில்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயில் "அண்ணி" என்றுதான் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

ஜூலை 6, சனி

இரட்டைப்படை வாரம் முடிந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்றும் ஒரு வாரம் இரட்டையாகவே வரும், அடுத்த வாரம் ஒற்றையாகவே வரும். இரட்டைப்படை வாரத்தில் அப்பாவைத் தெருவைக் கடந்து நடத்திப் போக வேண்டும். அண்ணி அந்த வாரம் அவரைத் தனக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார வைப்பாள், நடைபாதைப் பக்கமாக இறங்கட்டும் என்று. ஒற்றைப்படை வாரத்தில் முன்சீட்டில், இடப்பக்கம். எனக்கு இது தோன்றியே இருக்காது.

ஜூலை 9, செவ்வாய்

ஒற்றைப்படை. வாசலிலேயே இடம் கிடைத்தது.

அப்பாவை இயந்திரத்தில் போட்ட பிறகு வெளியே வந்து மர நிழலில் நின்றோம். அண்ணி காரில் சாய்ந்துகொண்டு, ஹைதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைமை வேலை வந்திருக்கிறது என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"போகணுமா?" என்றேன். என்ன கேள்வி இது.

"ஆகஸ்ட் நடுவுல சேரச் சொல்றாங்க. இன்னும் பதில் சொல்லல." தெருவைக் காட்டினாள். "நீ இங்க தனியா வண்டி போட்டுட்டன்னா நான் நிம்மதியா போவேன் தமா. அது ஒன்னுதான்."

"போங்க அண்ணி. நான் கத்துக்கறேன்" என்றேன் உடனே.

வீட்டுக்கு வந்து மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன். பதிப்பகத்திலிருந்து கடற்பயண வரலாறு ஒன்று வந்திருக்கிறது. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தேன். அதில் பிழையே இல்லை.

ஜூலை 11, வியாழன்

அது ஒன்றுதான் என்று அவள் சொன்னது சரிதான். எனக்கு லைசென்ஸ் உண்டு. கல்லூரி முடித்ததும் எட்டுப் போட்டு வாங்கியது. நேராக ஓட்டுவேன். ஆனால் வாசலில் நிறுத்தி அப்பாவை இறக்கிவிட்டுப் பிறகு எங்காவது கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால், அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அண்ணி ஓட்ட, நான் பிடித்துக்கொள்ள, இத்தனை நாள் நடந்தது. அவள் இல்லாவிட்டால் நானே நிறுத்த வேண்டும், நானே பிடிக்க வேண்டும், நிறுத்துவதும் வாசலுக்கு எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்டோவின் குலுக்கல் அவருக்கு ஆகாது. அண்ணி வர முடியாத ஒரு நாள் வாடகை டிரைவர் ஒருவரை வைத்துப் பார்த்தோம். அவர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, "பக்கம்தான், நடந்துடுங்க" என்றார். அப்பா நடந்தார். மருந்துக்கடைக்கு முன்னால் விழுந்தார். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு டிரைவர் என்ற பேச்சையே எடுக்கவிடுவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மூடிக்கிடக்கும் மில்லின் பின்மதிலை ஒட்டி யாரும் வராத ஒரு சாலை. அண்ணி இரண்டு தண்ணீர் கேன்களை முன்னும் பின்னுமாக வைத்து, அவற்றை இரண்டு கார் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் முன் காரை இடித்துத் தள்ளினேன். பிறகு பின் காரை ஏறி மிதித்தேன்.

"ரெண்டு குடும்பம் காலி" என்றாள் அண்ணி, நசுங்கிய கேனைக் கையில் எடுத்துப் பார்த்து. "இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேளு."

வெயில் ஏறியதும் மதில் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன சுண்டலைத் தின்றோம். உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. கல்யாணமான புதுசுல இடம் கொஞ்சம் டைட்டா இருந்தா உங்க அண்ணன், 'எறங்கு, நான் போடறேன்'னுவாரு. எறங்கி பிளாட்பாரத்துல நிப்பேன். கையில பைய வச்சிக்கிட்டு. வண்டி லோன் கட்டறது நான்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒரு நாள் காந்தி வீதில, எறங்குன்னாரு. நான் எறங்கல. அவரு எறங்கிட்டாரு. எறங்கி வெளிய நின்னு லெஃப்ட்ல ஒடி, ரைட்ல ஒடின்னு கத்துனாரு. கூட்டமே கூடிடுச்சி. கண்ணாடிய ஏத்திட்டேன். அன்னைக்கு எத்தன தடவ முன்ன பின்ன போனேன்னு ஞாபகம் இல்ல. ஆனா போட்டுட்டேன். ஏத்துனதுக்கு அப்புறம்தான் வண்டி எங்க இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"வீடு வரைக்கும் ஒன்னும் சொல்லல."

அண்ணன் மோசமானவன் அல்ல. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். பின்னால் ஓடிவந்துகொண்டே கத்துவான். கடைசிவரை கையை எடுக்கவே மாட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

இரட்டைப்படை. மருத்துவமனைத் தெருவில் முதல் முயற்சி. அப்பாவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அண்ணி பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். குறுக்காக நின்ற கணத்தில் எல்லாம் போய்விட்டது. எது இடம், எது வலம் என்றே தெரியவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். "இறங்கு, நான் போடறேன்" என்று அண்ணி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் தொங்கிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். கடற்கரைச் சாலை வரை போய்த்தான் நிறுத்தினேன்.

"கடல் நல்லாருக்கு" என்றாள்.

ஜூலை 20, சனி

மறுபடியும் முடியவில்லை. அய்யனார், "பரவால்லம்மா, லாரி டிரைவருங்களே இங்க திணறுவாங்க" என்று ஆறுதல் சொன்னார். அப்பாவிடம், "ஏன் சார், வாரத்துல மூணு நாள் வர்றீங்க, ஒரு எளநி வாங்குனதில்ல" என்றும் கேட்டுவிட்டார்.

"கிட்னி போன எனக்கு எளநி விஷம்பா. பாக்கறதுக்கு மட்டும்தான் குடுத்து வச்சிருக்கு."

அய்யனார் முகம் விழுந்துவிட்டது. எங்கள் கார் கிளம்பும்வரை இளநீர்க் குலையின் மேல் சாக்கை இழுத்து மூடி வைத்திருந்தார்.

ஜூலை 25, வியாழன்

அண்ணி இன்று நிறுத்தியதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். என்ன செய்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எங்கே திருப்புகிறாள், எதற்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட முடிகிறது. ஆனாலும் வியப்பு குறையவில்லை, கூடிப்போயிருக்கிறது. நல்ல வாக்கியம் ஒன்றை இலக்கணம் தெரிந்து படிப்பதுபோல. அவள் இடத்தை அளப்பதில்லை. தன் வண்டி எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். தன் அளவு தெரிந்தவர்கள் குறைவு என்று தோன்றியது.

ஹைதராபாத்துக்கு ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஜூலை 28, ஞாயிறு

காய்கறி வாங்கப் போய்த் திரும்பும்போது எங்கள் தெருவில் இடமில்லை. எதிர்வீட்டுக்காரரின் ஜீப்புக்கும் எரிவாயு உருளை இறக்கும் வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் இருந்தது. நிறுத்தினேன். ஒரே தடவை. யாரும் பார்க்கவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஓரக்கல்லுக்கும் டயருக்கும் நடுவில் என் செருப்பு நீளம்கூட இல்லை. கத்தரிக்காய்ப் பையை வண்டியிலேயே மறந்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

இரட்டைப்படை. எதிர்ச்சாரி. அண்ணி நிறுத்தினாள். "இன்னைக்கு நீ போடறியா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல நினைத்தேன். அப்பாவின் ரத்த அழுத்தம் இறங்கிக் கொஞ்சம் பதற்றமாகிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

வியாழக்கிழமை தான் வரப்போவதில்லை என்று அண்ணி முடிவு செய்துவிட்டாள். "நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் நீ போட மாட்ட" என்றாள் போனில். "நாளைக்கு ஒன்னாந்தேதி. இன்னைக்கு முப்பத்தொன்னும் ஒத்தப்படை, நாளைக்கும் ஒத்தப்படை. மாசம் மாறும்போது எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு அண்ணி."

கடற்பயண நூலை முடித்து அனுப்பினேன். ஆசிரியர் ஒரு புயலின் தேதியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தார். அதைப் பிடித்ததற்காகப் பதிப்பாளர் தனியாக நன்றி சொன்னார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அப்பாவை அழைத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். செவ்வாய்க்கிழமை எதிர்ச்சாரியில் நிறுத்தியதால், இந்த வாரம் இரட்டைப்படை வாரம் என்ற நினைவிலேயே இருந்திருக்கிறேன். வலப்பக்கம் காலியாக இருந்தது. எனக்கு முன்பே ஒரு சிவப்புக் கார் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் சுலபமாக நிறுத்தினேன். அய்யனார் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். வழக்கம்போல ஒடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அப்பாவைப் பிடித்துத் தெருவைக் கடந்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு கார்களின் சக்கரத்திலும் மஞ்சள் பூட்டு. போக்குவரத்துக் காவலர் அடுத்த தெருவுக்குப் போயிருந்தார்.

"நான்தான் இன்னிக்கி இந்தப் பக்கம் இல்லன்னு கை காட்னனேம்மா" என்றார் அய்யனார். "நீ கண்ணாடிய ஏத்திக்கின."

அப்பாவால் நிற்க முடியவில்லை. சிகிச்சை முடிந்ததும் அவருக்குக் கால் பஞ்சாகிவிடும், உடனே சீட்டைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். பூட்டிய காரிலேயே படுக்க வைத்தேன். நான் நிறுத்திய இடத்தில் நிழல் இல்லை. அய்யனார் தன் சாக்கை நனைத்துக் கொண்டுவந்து கண்ணாடியின் மேல் போட்டார். சிவப்புக் காரின் சொந்தக்காரர், "ஒன்னாந்தேதி எப்படிங்க ரெட்டப்பட ஆகும்?" என்று என்னைக் கேட்டார். அவரும் அங்கேதான் நிறுத்தியிருந்தார்.

அண்ணிக்குப் போன் செய்தேன். லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் வந்தாள். காவலரைத் தேடிப் பிடித்து, அபராதம் கட்டி, பூட்டைக் கழற்றவைத்து, வீடு வரைக்கும் அவளே ஓட்டினாள். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"ஒன்னாந்தேதின்னு சொன்னனே" என்றாள் மெதுவாக, சிக்னலில்.

"வாரம் மாறலன்னு நெனச்சிட்டேன் அண்ணி."

என்னைப் பார்த்தாள். பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் அண்ணி போன் செய்தாள். ஹைதராபாத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். "திங்கக்கெழம வரைக்கும் யோசிங்கன்னாங்க. யோசிக்க என்ன இருக்கு. மாமாவ அப்படி வெயில்ல விட்டுட்டு நான் அங்க போய் என்ன பண்ணப்போறேன்."

"சரி அண்ணி" என்றேன்.

போனை வைத்துவிட்டு உப்புமா கிளறினேன். நல்ல பசி. முந்திரிப்பருப்புகூட வறுத்துப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

சாயங்காலம் அப்பா ஐஸ் துண்டு ஒன்று கேட்டார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம் என்பதால் தாகத்துக்கு அதுதான். வாயில் அதை அடக்கிக்கொண்டு, "வினோ போவலியாமே" என்றார்.

"போகலையாம்ப்பா. அவங்களுக்கே இஷ்டம் இல்லபோல."

அப்பா ஐஸைக் கரைய விட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நேத்து காலைல காலண்டர்ல தேதிய கிழிச்சது யாரு? நானா?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒக்காரு. திட்டறதுக்கு எனக்கு தெம்பு இல்ல. அந்தப் பொண்ணு என் மகனுக்கிட்டேருந்து வெளிய வர்றதுக்கு எவ்ளோ பாடுபட்டுச்சின்னு நான் பாத்தவன். அவ போறதுக்கு குறுக்க வண்டிய நிறுத்தாத."

குரலை உயர்த்தவில்லை. பிறகு செய்தி போடச் சொன்னார். போட்டேன். என்ன செய்தி என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

காலையில் அண்ணி வந்து சாவிக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. "நீங்க பின்னாடி உக்காருங்க" என்றேன்.

"தமா, இன்னைக்கு வேணாம். மாமாவுக்கு முடியல."

"எனக்கு ஒன்னும் இல்ல. அவ ஓட்டட்டும்" என்றார் அப்பா, முன்சீட்டில் ஏறிக்கொண்டே.

ஒற்றைப்படை. இடப்பக்கம். சனிக்கிழமை என்பதால் தெரு நெரிந்தது. மருத்துவமனை வாசலுக்கு நேராக ஒரே ஒரு இடம், பள்ளி வேன் ஒன்றுக்கும் பளபளக்கும் ஒரு புதிய காருக்கும் நடுவில். புதிய காரின் சீட்டு பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பம்பரில் மாவிலை. சொந்தக்காரர் பக்கத்திலேயே காவல் நின்றார். நான் வேனுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், புது வண்டி மேடம். நம்பர்கூட இன்னும் வரல. முன்னாடி போய் போட்டுக்குங்களேன்."

"எங்க சார் போறது? முன்னாடி பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு" என்றார் அப்பா.

அய்யனார் வந்துவிட்டார். "நீங்க நவுருங்க சார், நான் பாத்துக்கறேன். யம்மா, லெஃப்ட்ல ஒடி…"

கண்ணாடியை ஏற்றினேன். சத்தம் வெளியே போயிற்று. அப்பாவின் மூச்சு கேட்டது.  இடப்பக்கக் கண்ணாடியில் கறுப்பு வெள்ளை பூசிய ஓரக்கல் தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பி, மெதுவாகப் பின்னால் விட்டேன். வண்டி குறுக்காக நின்றது. அந்தக் கணம் வந்தது. பின்னால் பஸ், முன்னால் வேன், மாவிலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. வேனின் மூலையை என் முன்பக்கம் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு வலப்பக்கம் திருப்பினேன்.

முன்பகுதி உள்ளே வந்தது. நின்றது.

 கைப்பிரேக்கைப் போட்டேன். பஸ் எங்களைக் கடந்து போயிற்று. மாவிலைக்காரர் தன் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

அண்ணி இறங்கினாள். குனிந்து டயரைப் பார்த்தாள். அப்பாவை இறக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். வெளியே வந்ததும் மர நிழலில் நின்று கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"என்னது அண்ணி?"

"தமா."

"ஞாயித்துக்கெழமலேர்ந்து" என்றேன்.

 கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "லூசு" என்றாள்.  காரைக் காட்டி, "முன்னாடி இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கணும். வேன்காரன் எடுக்கும்போது திட்டுவான்" என்றாள்.

"ஹைதராபாத்துக்குப் போன் பண்ணுங்க."

"இன்னைக்கு சனிக்கெழம."

"திங்கக்கெழம பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னு கேப்பேன்."

ஆகஸ்ட் 5, திங்கள்

பண்ணிவிட்டாள். நான் பக்கத்தில் நிற்கவில்லை, நிற்க விடவில்லை. எங்கள் மொட்டைமாடியில் உலவிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினாள். கீழே சமையலறையில் எனக்கு அவள் சிரிப்பது மட்டும் கேட்டது. அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அப்பா, "பாயசம் வைக்கலாமா?" என்றார். "நீங்க சாப்பிட முடியாது" என்றேன். "நான் பாக்கறேன்" என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாளை காலை அண்ணி கிளம்புகிறாள். இன்றும் வந்தாள், வர வேண்டாம் என்று சொல்லியும். அறையைக் காலி செய்து, சாமான் கட்டி, இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். ஓட்டுகிறேன் என்று கேட்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்பா எனக்குப் பின்னால்.

இரட்டைப்படை. எதிர்ச்சாரி. துணிக்கடைக்கு முன்னால், வேப்ப மர நிழலில் ஒரு இடம். நெருக்கமானதுதான். பின்னால் ஆட்டோக்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. அய்யனார் இன்று வியாபாரத்தில் இருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சீவப் போய்விட்டார். நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் விட்டேன். குறுக்காக நின்றபோது பக்கத்தில் திரும்பினேன், சரியாகத்தான் செய்கிறேனா என்று அவள் முகத்தைப் பார்க்க.

அண்ணி தூங்கிப்போயிருந்தாள். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அந்த நிலையிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்பா தோளில் தட்டினார். வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன், அலுங்காமல்.

"எழுப்பட்டுமா?" என்றேன், திரும்பி.

"எதுக்கு?" என்றார் அப்பா.

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். அப்பாவை நடைபாதைப் பக்கமாக இறக்கி, அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் கனம் முழுவதும் என் மேல் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவில் கால் வைத்தோம். ஒரு ஸ்கூட்டர்காரர் நின்று வழிவிட்டார். நடுவில் அப்பா மூச்சு வாங்க நின்றார், நானும் நின்றேன். மருத்துவமனைப் படியில் அவரை ஏற்றிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

வரிசையில் கார் நேராக நின்றது. அண்ணி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.